முகமூடிக்குள் இருந்தவர்

1951 மார்ச் மாதம். பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த 31 வயது ஆசிரியர் ஒருவரை இரண்டு பேர் மடக்கிப் பிடித்தார்கள். ஒருவர் அவருடைய இலக்கிய ஏஜென்ட் பிரெடரிக் போல். மற்றவர் டபுள்டே பதிப்பகத்தின் எடிட்டர் வால்டர் பிராட்பரி. வகுப்பு நேரம் போக மிச்ச நேரத்தில் விஞ்ஞானக் கதைகள் எழுதி ஓரளவு பெயரும் வாங்கியிருந்த வாத்தியாரிடம் அவர்கள் கேட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விண்வெளிச் சாகச நாவல். நாவல் வெறும் விதைதான். அதிலிருந்து டெலிவிஷன் தொடர் முளைக்க வேண்டும் என்பதே திட்டம்.

அமெரிக்க டெலிவிஷனுக்கு விண்வெளிப் பித்து தலைக்கேறியிருந்த காலம் அது. 1949-ல் ‘கேப்டன் வீடியோ’ வந்தாயிற்று. ராபர்ட் ஹைன்லைன் சிறுவர்களுக்கு எழுதிய ‘ஸ்பேஸ் கேடட்’டைத் தொட்டு, 1950-ல் ‘டாம் கார்பெட்’ தொடர் ஓடத் தொடங்கியிருந்தது. தொடர் அமைந்தால் நல்ல வரும்படி. ஆனால் வாத்தியார் டெலிவிஷன் பார்த்திருந்தார், அதுதான் வம்பு. பெட்டியில் வருவதெல்லாம் படுமோசம் என்பது அவர் அபிப்பிராயம். தன் கதையையும் அப்படிக் குதறிவிட்டால் காலத்துக்கும் மானக்கேடு. காசும் வர வேண்டும், பெயரும் கெடக்கூடாது. என்ன செய்வது?

துப்பறியும் கதைகளில் கொடிகட்டிப் பறந்த கார்னெல் வூல்ரிச், ‘வில்லியம் ஐரிஷ்’ என்ற புனைபெயரிலும் எழுதுவார். அது வாத்தியாருக்கு நினைவு வந்தது. அவர் ஐரிஷ்காரர் ஆகலாமென்றால் நான் பிரெஞ்சுக்காரன் ஆகக் கூடாதா? அப்படிப் பிறந்தவர்தான் ‘பால் பிரெஞ்ச்’. ஜூன் 10-ம் தேதி எழுத உட்கார்ந்த வாத்தியார், ஜூலை 29-ம் தேதி நாவலை முடித்துவிட்டார். 1952-ல் ‘டேவிட் ஸ்டார், ஸ்பேஸ் ரேஞ்சர்’ கடைக்கு வந்தது.

ஆரம்பம் பிரமாதம். ஓர் உணவு விடுதி. செவ்வாய்க் கிரகத்துப் பழத்தைத் தின்ற ஆள், கதாநாயகன் கண்ணெதிரே செத்து விழுகிறான். விஷத்தின் வேரைத் தேடிச் செவ்வாய்க்குப் போகும் டேவிட்டுக்கு அங்கே பிக்மேன் ஜோன்ஸ் கிடைக்கிறான். பெயர்தான் பிக்மேன், உயரம் ஐந்தடி இரண்டங்குலம். அதைச் சொல்லிக் காட்டினால் கை ஓங்கிவிடுவான். இதுவரை சரி. பிறகு, நிலத்தடியில் வாழும் செவ்வாய்வாசிகள் டேவிட்டுக்கு ஒரு மாயத் திரையைப் பரிசளிக்கிறார்கள். அதை மாட்டினால் ஒளி அலையடிக்கும், முகம் தெரியாது. மேற்கத்தியக் குதிரைவீரன் லோன் ரேஞ்சரை ராக்கெட்டில் ஏற்றியது போலிருந்தது. புதிரை முடிச்சுப் போட்டு அவிழ்ப்பதில் சூரர் நம் வாத்தியார். முகமூடி வீரம் அவருக்கு ஒட்டவில்லை. டெலிவிஷனாவது ஒட்டியதா?

ஒட்டவில்லை. அந்தத் தொடர் வரவே இல்லை. 1954-ல் ‘ஸ்பேஸ் ரேஞ்சர்’ என்ற பட்டத்தோடு ஒரு கதாநாயகன் டெலிவிஷனில் தோன்றினான். ஆனால் அவன் ராக்கி ஜோன்ஸ், வேறு யாரோ பெற்ற பிள்ளை. பால் பிரெஞ்ச் மட்டும் எழுதிக்கொண்டே போனார். ‘டேவிட்’ சப்பென்றிருந்ததால் இரண்டாம் புத்தகத்திலிருந்து ‘லக்கி’ ஆனான். மூன்றாவதில் வெள்ளிக் கிரகத்தின் கடலடி நகரம். அங்கே மனித மனத்துக்குள் புகுந்துவிடும் குட்டித் தவளைகள். அவற்றுக்கு உயிரான தின்பண்டம் வண்டி அச்சுக்குப் போடும் கிரீஸ்! தொடரிலேயே சுவையான இடம் அதுதான். மாயத் திரையோ மெல்ல மெல்லக் கதையிலிருந்து நழுவிவிட்டது. டெலிவிஷன் ஆசையும் போய், நாயகனின் முகமூடியும் போனபின் ஆசிரியருக்கு மட்டும் முகமூடி எதற்கு?

1956-ல் நான்காம் புத்தகம், புதன் கிரகத்தில். சூரிய வெப்பத்தில் மூளை கலங்கிய ரோபோ ஒன்று லக்கியின் மேல் பாய்கிறது. அவன் துப்பாக்கியைத் தேடவில்லை. மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்ற முதல் விதியை அதற்கு நினைவூட்டுகிறான். ரோபோக்களுக்கு மூன்று விதி வகுத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். விஞ்ஞானக் கதை படிக்கும் பையன்களுக்கு அதற்கு மேல் துப்பு வேண்டியிருக்கவில்லை. பால் பிரெஞ்ச் என்பவர் ஐசக் அசிமோவ்!

1958-ல் சனிக் கிரகத்தோடு ஆறு புத்தகம் முடிந்தது. புளூட்டோவுக்குப் போயிருக்க வேண்டிய ஏழாவது எழுதப்படவே இல்லை. அசிமோவின் கவனம் முழுக்க அறிவியல் கட்டுரைகள் பக்கம் திரும்பிவிட்டது. அதற்குள் வேறொரு இடத்திலிருந்து ஆபத்து கிளம்பியது.

1962-ல் மரைனர்-2 விண்கலம் வெள்ளியைக் கடந்து போனது. அங்கே கடல் இருக்க வழியில்லை, கொதிக்கும் உலைக்களம்தான் என்று தெரிந்தது. தவளைகளின் கதை முடிந்தது. 1965-ல் அரெசிபோ ரேடார், புதன் 59 நாளுக்கொரு முறை தன்னைத்தானே சுற்றுவதைக் கண்டுபிடித்தது. ஒரு பக்கம் என்றும் பகல், மறுபக்கம் என்றும் இருட்டு என்று நம்பி எழுதியதும் காலி.

1970-களின் தொடக்கத்தில் புத்தகங்கள் மறுபதிப்பாயின. டெலிவிஷன் மானத்தை வாங்கிவிடும் என்று ஒளிந்த மனிதர், கிரகங்கள் மானத்தை வாங்கியபின் வெளியே வந்தார். எது எது தப்பாகிப்போனது என்று ஒளிக்காமல் சொல்லும் முன்னுரை எழுதி, அடியில் போட்டார்: ஐசக் அசிமோவ்.