இசை கேட்கும் ஹெட்போனின் வரலாறு

ஹெட்போன் என்பது மின் குறிகையை ஒலியாக மாற்றி, அணிந்திருப்பவருக்கு மட்டும் கேட்கச் செய்யும் கருவி. இன்று அதை இசையோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் அதன் முதல் எழுபது ஆண்டுகளில் பெரும்பகுதி தொலைபேசி நிலையங்களிலும் கப்பல்களிலும் கழிந்தது. கடைகளில் காணப்படும் மூடிய வகை, திறந்த வகை, காதுக்குள் செருகும் வகை, இரைச்சல் நீக்கும் வகை ஆகியவை ஒரே பொருளின் மட்டமான, உயர்ந்த தரங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு தொல்லையோடு கேட்க வேண்டியிருந்தவர்களுக்காகப் பிறந்தது. எதை வாங்குவது என்ற குழப்பத்துக்கு அந்தப் பிறப்புக் கதையிலேயே பாதி விடை இருக்கிறது.

தொலைபேசி நிலையமும் நாடக அரங்கும்

1880களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் இணைப்பு கொடுக்கும் பணியாளர்களுக்கு இரு கைகளும் தேவைப்பட்டன. எஸ்ரா கில்லிலண்ட் 1881ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய கருவி தோளில் தாங்கும்படி அமைந்தது. அதில் ஒரு காதுக்கு மட்டுமே ஒலிப்பான் இருந்தது. அந்த நிலையங்களின் பலகைகளில் செருகி எடுக்கப்பட்ட கால் அங்குலச் செருகி இன்றும் ஒலிப்பதிவுக் கூட ஹெட்போன்களின் முனையில் இருக்கிறது.

அதே 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமன் அடேர் வேறொரு வழியைக் காட்டினார். இசை நாடக அரங்கின் மேடையோரம் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, இரண்டு கம்பிகள் வழியே ஒலியை இரு காதுகளுக்கும் தனித்தனியே அனுப்பினார். பாடகர் மேடையில் இடம் மாறுவதைக் கேட்டவர்கள் காதாலேயே உணர்ந்தார்கள். 1890இல் இது ‘தியேட்டரோபோன்’ என்ற சந்தாச் சேவையானது. எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1911இல் இதன் சந்தாதாரராகி, வீட்டிலிருந்தபடியே இசை நாடகங்களைக் கேட்டார். லண்டனில் 1895இல் ‘எலக்ட்ரோபோன்’ தொடங்கியது. அங்கே ஒலிப்பானைத் தலையில் மாட்டாமல், மோவாய்க்குக் கீழே தொங்கும் கைப்பிடியால் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

காதுக்குள் செருகும் கருவியும் பழையதே. பிரெஞ்சுப் பொறியாளர் எர்னஸ்ட் மெர்காடியே 1891இல் சுமார் 50 கிராம் எடையில், காது உறுத்தாமல் இருக்க ரப்பர் உறையிட்ட ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய இயர்போனின் வடிவம் ஏறக்குறைய அதுதான்.

சமையலறையிலிருந்து கடற்படைக்கு

நவீன ஹெட்போனின் தந்தையாகக் கருதப்படுபவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின். பெரிய தேவாலயத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்ற குறையிலிருந்துதான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. 1910இல் அவர் கைப்படச் செய்த ஒரு ஜோடியை, ஊதா மையில் எழுதிய கடிதத்தோடு அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அதிகாரிகள் முதலில் பொருட்படுத்தவில்லை. சோதித்துப் பார்த்ததும், கம்பியில்லாத் தந்திக்கு அதுவரை பயன்பட்டவற்றைவிட இது தெளிவாகக் கேட்பதை அறிந்தார்கள். உடனே நிறையத் தேவை என்று எழுதினார்கள். ஒரு தடவைக்குப் பத்து மட்டுமே தர முடியும் என்று பதில் வந்தது. அவர் அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையில் செய்துகொண்டிருந்தார்.

பால்ட்வினின் திறமை உள்ளே இருந்த சிறு இரும்புத் தகட்டில்தான் தெரிந்தது. காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் அந்தத் தகடு மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் அசைந்தது. அந்த அசைவை அபிரகத்தாலான சவ்வு ஒலியாக்கியது. 1920களில் வானொலி பரவியபோது வீடுகளில் இருந்த படிக வானொலிப் பெட்டிகளுக்கு மின்கலமே கிடையாது. வானலையிலிருந்து கிடைக்கும் துளி மின்சாரத்தில் ஒலிபெருக்கி இயங்காது, ஹெட்போன் இயங்கும். பால்ட்வினின் தொழிற்சாலை செழித்தது. ஆனால் வந்த பணத்தைப் பலதார மணத்தை ஆதரித்த மார்மன் பிரிவினருக்கும் கைகூடாத முதலீடுகளுக்கும் அவர் வாரிக் கொடுத்தார். 1920களின் நடுவில் நிறுவனம் கைவிட்டுப் போனது. பிறகு அஞ்சல் வழி மோசடி வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்கும் சென்றார். 1961இல் இறந்தபோது அவரிடம் செல்வம் ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. அவருடைய சமநிலைத் தகட்டு முறை மட்டும் அழியவில்லை. காது கேட்கும் கருவிகளில் தொடர்ந்து வாழ்ந்து, 1990களில் மேடைப் பாடகர்கள் காதுக்குள் அணியும் கருவிகளுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டுக்குள் வந்த இசை

பெர்லினில் ஆய்கன் பேயர் 1937இல் வெளியிட்ட டிடி 48, காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் அசைந்து சவ்வை இயக்கும் முறையைக் கையாண்டது. இன்று விற்கும் ஹெட்போன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த முறையைச் சேர்ந்தவையே. ஆயினும் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஹெட்போன் வாங்கும் வழக்கம் உண்டாக மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு மில்வாக்கி நகரக் கண்காட்சியில் ஜான் காஸ் என்ற டிரம்பெட் கலைஞரும் பொறியாளர் மார்ட்டின் லாங்கும் ஒரு கையடக்க இசைத்தட்டுப் பெட்டியைக் காட்டினார்கள். அதன் ஸ்டீரியோ ஒலியை உணர்த்த ஒரு ஜோடி ஹெட்போனையும் உடன் வைத்தார்கள். மக்கள் பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனைக் கேட்டார்கள். எஸ்பி/3 என்ற அந்த மாதிரியிலிருந்தே இசைக்கான ஹெட்போன் தொழில் தொடங்குகிறது.

காதை இறுக மூடும் கிண்ணங்கள் வெளி ஓசையைத் தடுத்தன. ஆனால் ஒலி உள்ளேயே மோதித் திரும்பியது, காதும் வியர்த்தது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்பக்கத்தைத் திறந்துவிட்டு, மெல்லிய மஞ்சள் நுரைப் பஞ்சு வைத்த எச்டி 414ஐ வெளியிட்டது. தலைக்குள் அடைபட்டது போன்ற உணர்வு நீங்கியது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. இந்த வகையின் விலை வேறு விதமானது: பக்கத்தில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்கும், தெரு ஓசை அப்படியே உள்ளே வரும். அமைதியான அறைக்கு இதற்கு இணையில்லை. பேருந்துக்கு இது வீண்.

நடையிலும் பறப்பிலும்

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி வாக்மேன் 33,000 யென் விலையில் வந்தது. அதன் ஒலிநாடாப் பெட்டியைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. உண்மையான புதுமையில் பாதி அதனுடன் வந்த ஹெட்போனில்தான் இருந்தது. அக்காலத்து ஹெட்போன்கள் 300, 400 கிராம் எடையுள்ளவை. இது சுமார் 50 கிராம். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று அஞ்சி, இருவர் கேட்க இரண்டு துளைகளை அமைத்திருந்தார்கள். அந்தக் கவலை வீண் என்பது விரைவிலேயே தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, வங்காள விடுதலைப் போராட்டக்காரரின் மகனும் எம்ஐடி பேராசிரியருமான அமர் போஸ், சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் தந்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலே மிகுதியாகக் கேட்டது. இரைச்சலை ஒலிவாங்கியால் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையைச் செலுத்தி அதை அழிக்கும் கணக்கை விமானத்திலேயே போடத் தொடங்கினார். அடிப்படைக் கருத்து புதிதல்ல. பால் லூக் 1936இலேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். விமானிகளுக்கான கருவி 1989இலும் பயணிகளுக்கானது 2000இலும் போஸ் நிறுவனத்திலிருந்து விற்பனைக்கு வந்தன. எஞ்சின் போன்ற சீரான, தாழ்ந்த ஓசையை இம்முறை நன்றாக அழிக்கும். குழந்தையின் அழுகையை அவ்வளவு அழிக்காது.

விலையும் பொருத்தமும்

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘ஓம்’ எண்ணைப் பலர் தரத்தின் அளவாக எண்ணுகிறார்கள். அது மின்மறிப்பு. 250, 600 ஓம் கொண்டவை ஒலிப்பதிவுக் கூடச் சாதனங்களுக்கும் தனி ஆம்ப்ளிபயர்களுக்கும் ஏற்றவை. கைப்பேசியில் செருகினால் அவை முனகும். கைப்பேசிக்கு 16 முதல் 32 ஓம் வரை உள்ளவையே பொருந்தும். விலையும் நம்பத்தக்க வழிகாட்டி அல்ல. ஜெரோன் பிரேபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்தார். அவற்றின் அதிர்வெண் விளைவுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

திறந்த ஹெட்போனையோ தளர்வான இயர்போனையோ அணிந்து பேருந்தில் பயணம் செய்பவர், எஞ்சின் ஓசையை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது என்கிறது. 90 டெசிபலில் அந்த வரம்பு வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.