தேவதாரு வனமும் சென்னை வைத்தியரும்

கோடை விடுமுறையில் சிம்லாவுக்கும் முசௌரிக்கும் சென்று வரும் நம் காலனி அன்பர்கள், மலைச்சரிவுகளில் ஓங்கி நிற்கும் தேவதாரு மரங்களைக் கண்டு களித்திருப்பர். அம்மரங்களுக்கும், நமக்குச் சோறு போடும் இருப்புப்பாதைக்கும், நமது சென்னை மாநகருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

தேவதாரு என்பது தேவர்களின் மரம் எனப் பொருள்படும் வடசொல். நம் ஊர்ப்புறக் காடுகளில் தேவதாரம் என வழங்கும் சிறு மரம் வேறு. இமயத்துத் தேவதாரு வேறு. பின்னது ஆப்கானிஸ்தானம் முதல் மேற்கு நேபாளம் வரை, ஏறத்தாழ 1,700 முதல் 3,000 மீட்டர் உயரமுள்ள மலைகளில் வளர்வது. 40, 50 மீட்டர் ஓங்குவது. பல நூற்றாண்டுகள் வாழ்வது. அதன் கட்டையில் ஊறியுள்ள நறுமண எண்ணெயால் கறையானும் ஈரமும் அதை எளிதில் அழிப்பதில்லை. ஆதலின் மலைநாட்டார் அதனைக் கொண்டு கோயில்கள் எழுப்பினர். போற்றுதற்குரிய அக்குணமே பின்னாளில் அம்மரத்திற்கு வினையாகவும் முடிந்தது.

1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையிலும், 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் கட்டை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். மீண்டும் மாற்ற வேண்டும். மருந்தெண்ணெய் ஊட்டாமலே நெடுநாள் உழைக்கும் மரங்களாகக் கருதப்பட்டவை தேக்கு, சால், தேவதாரு ஆகிய மூன்றே. பாஞ்சாலத்தில் பாதைகள் பரவவே, கோடரி இமயமலை ஏறிற்று. வெட்டிய மரங்களைப் பனியுருகி வெள்ளம் பெருகும் காலத்தில் செனாப், ராவி முதலிய ஆறுகளில் மிதக்கவிட்டுச் சமவெளியில் கரையேற்றினர். பாறையில் மோதிச் சிதைந்தவையும் பல. பகீரதிக் கரையிலோ, வில்ஸன் என்னும் ஆங்கிலேயர் டெஹ்ரி அரசரிடம் உரிமை பெற்றுத் தேவதாருவை வெட்டியே பெருஞ்செல்வரானார்.

இந்நிலையில் மலைக்காடுகளை ஆராய அழைக்கப்பட்டவர் ஹியூ கிளெக்ஹார்ன். 1820-இல் சென்னையில் பிறந்து, ஸ்காட்லாந்தில் மருத்துவம் கற்று, 1842-இல் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவர நூல் போதித்தவர். 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆனவர். ரயில் எஞ்சினின் விறகுக்காகவும் கட்டைக்காகவும் தென்னாட்டுக் காடுகள் குறைவதை நேரில் கண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. 1861-இன் இறுதியில் வடக்கே அனுப்பப்பெற்ற அவர், நதிப் பள்ளத்தாக்குகள்தோறும் சென்று மரங்களைக் கணக்கிட்டார். அவரது அறிக்கை 1864-இல் ரூர்க்கியில் அச்சாயிற்று. அதே ஆண்டில் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1865-இல் முதல் வனச் சட்டமும், 1878-இல் அதனினும் கடுமையான சட்டமும் வந்தன. டேராடூனில் வனப் பயிற்சிப் பள்ளி தோன்றியதும் 1878-இலேயே.

இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. காடு காக்கப்பட்டது மெய். யாருக்காகக் காக்கப்பட்டது என்பதே கேள்வி. பாதைக்குக் கட்டை முட்டின்றிக் கிடைக்க வேண்டும் என்பதே சர்க்காரின் முதற்கவலை. தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் மாடு மேய்த்தும், விறகு பொறுக்கியும் வாழ்ந்த மலைமக்கள் தம் காட்டிலேயே குற்றவாளிகளாயினர். தெற்கிலும் 1860-இல் மலைவாசிகளின் குமரி விவசாயத்திற்குத் தடை பிறந்தது; அதில் கிளெக்ஹார்னுக்கும் பங்குண்டு. உரிமை இழந்த குமாவோன் மக்களின் சினம் 1921-இல் காட்டுத் தீயாக மூண்டது. அதன் பின்னரே, 1931-இல், கிராமத்தாரே காட்டை நிர்வகிக்கும் வனப் பஞ்சாயத்துகளுக்கு வழி பிறந்தது. 1974 மார்ச்சு 26 அன்று ரேணி கிராமத்தில் கௌரா தேவி என்னும் பெண்மணி ஏனைய பெண்டிருடன் மரங்களைக் காத்து நின்றதும் இவ்வழக்கின் தொடர்ச்சியேயாகும். காட்டின் பகைவர் எனச் சட்டம் ஒதுக்கியவர்களின் சந்ததியாரே அதற்குக் காவலராயினர்.

இன்று பிரதானப் பாதைகளில் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் வந்துவிட்டன. தேவதாரு நம் வண்டிகளைச் சுமக்க வேண்டிய காலம் போயிற்று. எனினும் முதல் நூறு ஆண்டுகள் வடபுலத்து ரயிலைத் தாங்கியவற்றுள் அதுவும் ஒன்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் மரபினர் நாம். ரயில்வே உப்பைத் தின்னும் நமக்கு அம்மரமும், அதனை இழந்த மலைமக்களும் உப்பிட்டவரே. அடுத்த கோடையில் மலைக்குச் செல்லும்போது, நம் குழந்தைகளைத் தேவதாருவின் நிழலில் அமர்த்தி இவ்வரலாற்றைக் கூறுவோமாக.