குன்னூரிலிருந்து இறங்கிவந்த ஊசி

திருச்செங்கோட்டுப் பக்கம் அறுபது தாண்டியவர்களைக் கேட்டால், "நாய் கடிச்சாத் தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி" என்பார்கள். அந்த வைத்தியம் பேர்பெற்றதில் நாயோடு ஓர் ஓநாய்க்கும் பங்குண்டு.

1885 ஜூலையில் பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு ஊசி போட்டார். மருந்து, நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்தது. பையன் பிழைத்தான். அடுத்த மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து 19 பேர் வந்து சேர்ந்தார்கள். வெறிபிடித்த ஓநாய் அவர்களைக் குதறியிருந்தது. ஓநாய் முகத்திலும் கழுத்திலும் ஆழமாகக் கடிக்கும். கிருமி மூளைக்குப் போகும் தூரம் குறைவு. அப்படியிருந்தும் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். ரஷ்யப் பேரரசர் பாஸ்டரின் ஆய்வு நிலையத்துக்கு லட்சம் பிராங்க் அனுப்பினார்.

இந்தியாவில் 1900இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. தெற்கே இருப்பவனுக்கு அதுவும் பாரிஸ் மாதிரிதான். ஹென்ரி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்சனிடம் தந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கி, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். முயல் தண்டுவட மருந்தை அன்றன்று தயாரிக்க வேண்டும். ஆகவே கடிபட்டவன்தான் மருந்தைத் தேடிப் போகணும்: சங்ககிரியில் ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் மாறி, குன்னூரிலேயே தங்கி. கூலிக்காரனுக்கு இது நடக்கிற காரியமா?

அதை மாற்றியவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். 1911இல் அவர் விலங்கின் மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று மருந்தாக்கினார். செத்த கிருமி என்பதால் சீசாவில் அடைத்துக் குன்னூரிலிருந்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. என் கணக்கில் நம் ஊர்களுக்குப் பாஸ்டரைவிடப் பெரிய உபகாரம் செய்தவர் இவர்தான். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்து நிறைய. அவ்வளவையும் கொள்ள வயிற்றுத் தோல்தான் தோது. வலியாவது போகட்டும், மருந்திலிருந்த மூளைத் திசு ஒத்துக்கொள்ளாமல் சிலருக்குக் கைகால் விழுந்துபோனது. இருந்தும் 2004 கடைசிவரை இந்தியாவில் அது புழக்கத்தில் இருந்தது. அதற்குள் செல்வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசி வந்துவிட்டது. இப்போது கைத்தோலில் சொட்டளவு மருந்து: கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள்.

கடித்தது நாயோ பூனையோ என்றால், ஊசியைத் தொடங்கிவிட்டு அதைப் பத்து நாள் கவனிக்கலாம். கடலைக்காட்டில் கடித்துவிட்டு ஓடிய நரியையோ கீரியையோ எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் காட்டு விலங்கின் கடி எதுவானாலும் அரசு வழிகாட்டுதல் அதை மூன்றாம் வகை, அதாவது கடுமையான கடி என்றே வைக்கிறது. தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புகிற கைவைத்தியம் வேண்டாம். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு கிடையாது.