எங்கே மக்கும் என்று சொல்லுங்கள்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது அண்மைக்காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். வழக்கமான நெகிழிப் பைக்குப் பதிலாக, தொட்டால் சற்று மென்மையாக இருக்கும் வெளிர்பச்சைப் பையைச் சில கடைகளில் நீட்டுகிறார்கள். "இது பிளாஸ்டிக் இல்லை; மக்கிவிடும்" என்ற விளக்கமும் கூடவே வருகிறது. அப்படி வந்த பை ஒன்றை எங்கள் வீட்டு மாடியிலுள்ள உரத் தொட்டியில் காய்கறிக் கழிவுடன் போட்டு வைத்தேன். வாழைப்பழத் தோலும் கீரைக் காம்பும் மண்ணோடு மண்ணாயின. ஆறு மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது, நிறம் மங்கியதைத் தவிர வேறு மாற்றமின்றி, பை சல்லடையில் தங்கிவிட்டது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அந்தப் பை போலியாக இருந்திருக்கலாம். முறைப்படி சான்று பெற்றதாகவும் இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் என் தொட்டியில் விளைவு ஒன்றாகவே இருந்திருக்கும் என்பதுதான் கவலைக்குரியது. காரணம், 'மக்கும்' என்ற சொல்லுக்குத் தரநிலை தரும் பொருள் வேறு. நாம் புரிந்துகொள்ளும் பொருள் வேறு.

நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, 'கம்போஸ்டபிள்' நெகிழிப் பைகள் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரநிலைக்கு உட்பட வேண்டும் என்கின்றன. அவற்றைத் தயாரிப்போரும் விற்போரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே சான்று பெற வேண்டும். தரநிலையின் சோதனை கடுமையானது. சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றும் ஈரமும் சீராகப் பராமரிக்கப்படும் உரக்குவியலில், பொருளின் கரிமத்தில் 90 சதவீதம் 180 நாள்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரங்களுக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. கிடைக்கும் உரத்தில் விதை நன்கு முளைக்க வேண்டும்; கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இத்தனையும் நடப்பது தொழில்முறை உர ஆலையின் வெப்பத்தில். இவ்வகைப் பொருள்களில் பரவலாகப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம் ஏறத்தாழ 60 டிகிரியை நெருங்கும்போதுதான் இறுக்கம் தளர்ந்து விரைவாகச் சிதையத் தொடங்குகிறது. கத்திரி வெயிலில்கூட நம் ஊர் வெப்பம் 40 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மாடித் தொட்டியும் பெரிய வாய்க்காலும் குருமாம்பேட் குப்பைக் கிடங்கும் ஆய்வகத்தின் உரக்குவியல் ஆகிவிடாது. அங்கே சரியாக மக்கும் பொருள் இங்கே நெகிழியாகவே கிடக்கும்.

இது வெறும் ஊகம் அன்று. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 'கம்போஸ்டபிள்' பை கடல்நீரில் மூன்று மாதங்களில் காணாமல் போனது. ஆனால், மண்ணில் புதைத்த பை 27 மாதங்களுக்குப் பிறகும் இருந்தது. 'பயோடிகிரேடபிள்' என்று அச்சிட்ட பையோ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் கடைச் சாமான்களைச் சுமந்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வீட்டு உரத் தொட்டிக்கு ஏற்றவை எனச் சான்று பெற்ற நெகிழிகளிலேயே 60 சதவீதம் வீட்டுத் தொட்டிகளில் முழுமையாகச் சிதையவில்லை.

தமிழில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. 'பயோடிகிரேடபிள்', 'கம்போஸ்டபிள்' ஆகிய இரண்டையும் நாம் 'மக்கும்' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். வீடு தேடி வரும் குப்பை வண்டியிலும் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்றுதான் பிரிக்கிறோம். ஆகவே, 'மக்கும்' என்று சொல்லி விற்கப்பட்ட பை இயல்பாகவே பச்சைத் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து உரக்குழிக்குப் போய் உரத்தைக் கெடுக்கிறது. சாதாரண நெகிழியோடு சேர்ந்துவிட்டாலோ மறுசுழற்சியைக் கெடுக்கிறது. பையின் மீதுள்ள விவரங்களை ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும் என்பதுதான் 2016 விதி. 2025 ஜூலை 1 முதல் அவற்றை க்யூ.ஆர். குறியீடு வழியாகவும் தரலாம் என்ற வசதி வந்திருக்கிறது. கூடை இறக்கி வைத்துப் பூ விற்கும் அம்மாவுக்கு இவ்விரண்டாலும் என்ன பயன்?

இந்தச் சொல்லுக்கு வணிக மதிப்பும் இருக்கிறது. 2022 டிசம்பர் 31 முதல் நெகிழிப் பைகள் 120 மைக்ரானுக்குக் குறையாத தடிமனில் இருக்க வேண்டும்; 'கம்போஸ்டபிள்' பைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே அந்தச் சொல், தடையைக் கடக்க உதவும் அனுமதிச் சீட்டு. சீட்டு இருந்தால் போலிச் சீட்டும் வரும். சோதனைக்கும் சான்றுக்கும் செலவு செய்த நேர்மையான தயாரிப்பாளரைவிட, 'நான் பிளாஸ்டிக் அல்ல' என்று பச்சை மையில் அச்சடித்தவர் மலிவாக விற்க முடிகிறது. கண்டிப்பான முத்திரை தொழிலை முடக்கிவிடும் என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டிப்பு இல்லாமையால் முதலில் நட்டப்படுபவர் நேர்மையானவரே.

நம் ஊரை 1954 வரை ஆண்ட பிரான்ஸ் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது என்பது கவனிக்கத்தக்கது. 2020 பிப்ரவரி 10-ஆம் தேதிச் சட்டத்தின் மூலம் பொருள்களின் மீதும் உறைகளின் மீதும் 'பயோடிகிரேடபிள்', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற சொற்களை அச்சிட அந்நாடு தடை விதித்தது. தொழில்முறை ஆலையில் மட்டுமே மக்கும் நெகிழியின் மீது 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லே இடம்பெறக் கூடாது. வீட்டிலோ ஆலையிலோ மக்கும் நெகிழியாயினும், 'இயற்கைச் சூழலில் எறியாதீர்' என்ற வாசகம் இருக்க வேண்டும். வாங்குபவரின் கைக்கு எட்டாத ஆலையை நம்பி வாக்குறுதி தரக் கூடாது என்பதே இதன் சாரம்.

இந்தியாவும் இத்திசையில் நகராமல் இல்லை. 2024 மார்ச் 14-இல் வெளியான திருத்த விதிகள், 'பயோடிகிரேடபிள்' நெகிழி என்பது மண், குப்பைக் கிடங்கு போன்ற குறிப்பிட்ட சூழலில், நுண்நெகிழி எதையும் விட்டுவைக்காமல் சிதைவது என்று வரையறுத்தன. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆதாரமற்ற பசுமை விளம்பரங்களுக்குக் கடிவாளம் இட்டன. இடத்தைச் சொல்லாமல் மக்குவதைப் பற்றிப் பேச முடியாது என்பதைச் சட்டம் ஏற்றுவிட்டது. ஏட்டில் உள்ள அந்த இடத்தின் பெயர் பையின் முகப்புக்கு, தமிழில், வந்து சேர வேண்டும்.

அதற்கு நான் முன்வைப்பவை நான்கு. முதலாவது, இரண்டு கருத்துகளுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொற்களை அரசு நிர்ணயிக்க வேண்டும். 'உரமாகும்', 'உயிரிகளால் சிதையும்' என்பன என் பரிந்துரை; 'மக்கும்' என்பதைத் தனித்து அச்சிட அனுமதிக்கக் கூடாது. இரண்டாவது, 'உர ஆலையில் மட்டுமே உரமாகும்; வீட்டுத் தொட்டியில், மண்ணில், நீரில் போடாதீர்' என்ற வாசகம், நிறுவனத்தின் பெயருக்குச் சமமான அளவில், சான்று எண்ணுடன் முகப்பில் இருக்க வேண்டும். மத்திய விதி ஆங்கிலத்தைக் கேட்கிறதே அன்றி, கூடவே தமிழும் இருப்பதைத் தடுக்கவில்லை. மூன்றாவது, புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் இத்தகைய பைகளை எந்தத் தொட்டியில் போடுவது, அவை எங்கே கொண்டு செல்லப்படுகின்றன என்பதை அறிவிக்க வேண்டும். கொண்டுசெல்ல இடம் இல்லையெனில் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான்காவது, மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் கடைகளில் மாதிரிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இவ்வகைப் பைகளே வேண்டாம் என்பது என் வாதமன்று. இத்தாலியின் மிலான் நகரில் வீடுதோறும் உணவுக் கழிவைத் தனியே திரட்ட இவை பயன்படுகின்றன. கழிவுடன் பையும் அதற்கென அமைந்த ஆலைக்குப் போகிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு முகவரி இருக்கிறது. அந்த முகவரி இங்கே உருவாகும்வரை, மார்க்கெட்டுக்குப் போகும்போது நான் துணிப்பையையே எடுத்துச் செல்கிறேன். அதன் மீது எந்த வாசகமும் தேவைப்படவில்லை.