பறைக்கு வந்த விமர்சனம்



மாமல்லபுரத்தில் டிசம்பர் இறுதியில் தொடங்கும் நாட்டிய விழா நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தது. பரதம்தான் அங்கே தலைமை. கிராமியக் கலைகளுக்கும் இடம் உண்டு. இப்படிப்பட்ட விழா மேடையில் அடித்துவிட்டு இறங்கும் பறைக் கலைஞர் ஒரே இரவில் மூன்று தீர்ப்புகளைக் கேட்கிறார். ‘என்ன வேகம்!’ என்கிறார் சுற்றுலாப் பயணி. ‘ஒரே இரைச்சல்’ என்கிறார் சபா ரசிகர். ‘இதை இன்னுமா விடவில்லை?’ என்கிறார் நம் சேரிப் பெரியவர். இந்த மூன்றையும் அவர் எப்படி எதிர்கொள்வது? நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

பறைக்கு விமர்சனம் வருவதே புதிய செய்தி. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு சீமையின் ஊர்களைக் கணக்கெடுத்தார். களத்து நெல்லில் வெட்டியானுக்கும் மற்ற ஊர் ஊழியர்களுக்கும் என்ன பங்கு என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. தண்டோரா போடுவதும் சாவுக்கு அடிப்பதும் அந்த ஊழியத்தில் அடக்கம். நன்றாக அடித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. வந்தாரா, வரவில்லையா என்பதே கேள்வி. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அவர்கள் முரசு கொட்டுவதைச் சட்டம் தடை செய்தது. அங்கே அடிக்கக் கூடாது என்றது சட்டம். இங்கே அடித்தே ஆகவேண்டும் என்றது வழக்கம்.

‘அடிக்க மாட்டேன்’ என்று சொல்ல நிலம் வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கொடுத்த நிலம் கைமாறியது. அதை மீட்கக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கடற்கரையில் சலங்கை ஒலித்த அதே பத்தாண்டில்தான் இதுவும் நடந்தது.

எனவே சேரிப் பெரியவரின் கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. 1927இல் மகாடில், செத்த மாட்டைச் சுமக்காதீர்கள் என்று அம்பேத்கர் சொன்னதன் தொடர்ச்சி அது. பறையைக் கீழே போட்டதற்காக அடிபட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மறுபுறம், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் கலை விழாக்கள் பறையை விடுதலைக் கருவி என்று அறிவித்தன. கே.ஏ. குணசேகரன் மக்கள் பாடல்களை மேடையேற்றினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், பெண் தொடக் கூடாது என்றிருந்த பறையைத் தோளில் மாட்டினார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் அடிப்படை ஒன்றே: அடிப்பதும் அடிக்காததும் நம் முடிவாக இருக்க வேண்டும்.

‘இரைச்சல்’ என்ற தீர்ப்பு வேறு வகை. வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல் அது. கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் தனித்தனியாகப் பேசும். மேடைக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றால் நாதம் எங்கிருந்து வரும்? வீணைக்குச் சுருதி சேர்க்கக் காத்திருக்கும் சபை, பறை காயும்வரை காத்திருப்பதில்லை. இதை அறியாமல் எழுதும் விமர்சனத்துக்காக நம் கலைஞர் குன்ற வேண்டியதில்லை. ஆனால் அடி பிசகியது, ஆட்டம் சேரவில்லை என்று ஒருவர் விவரமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கலைஞராக மதிக்கப்பட்டவருக்குத்தான் அந்தக் குறை சொல்லப்படும்.

மூன்றில் அதிகம் எச்சரிக்கை தேவைப்படுவது பாராட்டுக்குத்தான். 1930களில் சதிர் பரதநாட்டியம் ஆயிற்று. ஆட்டம் உயர்ந்தது, அதை வளர்த்த குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் மேடையை விட்டு ஒதுக்கப்பட்டார்கள். இன்று பறையைப் பல சாதியினரும் கற்கிறார்கள், வெளிநாட்டுத் தமிழரும் கற்கிறார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அழைப்பிதழில் ஆடுபவர் பெயரும் அவர் குருவின் பெயரும் அச்சாகும்போது, பறை அடிப்பவர்கள் வெறும் ‘குழுவினர்’ ஆகிவிடுகிறார்கள். வேகத்தை மெச்சி, பெயரை விட்டுவிடும் பாராட்டு பழைய களத்து நெல்லைப் போன்றதுதான்.

ஆகவே விழா அமைப்பாளர்களிடம் நாம் கேட்க வேண்டியவை சில: கலைஞர் ஒவ்வொருவரின் பெயர், முன்கூட்டியே பேசிய கூலி, பறை காய்ச்ச இடமும் நேரமும், என்ன அடிக்கப்போகிறோம் என்று சபைக்குச் சொல்ல இரண்டு நிமிடம். மாணவர்களிடம் நாம் கேட்பது வேறொன்று. நம் கலைஞர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நிறையோடு குறையையும் எழுதுங்கள். ஆசான்களின் பெயர்களையும் அடிகளின் பெயர்களையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அடுத்த தலைமுறை பறையை எடுத்தாலும் விட்டாலும், அறிந்து செய்யட்டும்.

ஜெய்பீம்.