இந்த வாரம் யாரு? ஒரு கண்டிக் கொப்பியும் அதுக்குள்ள இருந்த வரலாறும்

எங்க கூட்டத்துக்கு ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில கூடுவோம். வாசித்த புத்தகம், பார்த்த படம் எல்லாம் பேசி முடிந்த பிறகு அந்தக் கொப்பி வெளியே வரும். "சரி, இந்த வாரம் யாரு?" என்று யாராவது கேட்பார்கள். ஆளுக்கு ஒரு கிரிக்கெட் வீரரைத் தெரிவு செய்ய வேண்டும். விதி இரண்டே இரண்டுதான். சராசரி, தரவரிசை என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஏன் பிடிக்கும் என்பதை ஒரே வரியில் எழுதிவிட வேண்டும்.

மாலிங்க தலைமுடிக்காகவே மூன்று வாரம் வந்திருக்கிறார். சமரி அத்தபத்து 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 அடித்த கதைக்காக வந்தார். "அணி தோத்துச்சு, அவ தோக்கல" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள்.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. 1980இல் நியூயோர்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடி, பேஸ்போல் வீரர்களைப் பங்கு பிரித்து ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொண்டார்கள். இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் ஆட்டமாக அது வளர்ந்துவிட்டது. அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். நாங்கள் கதை பார்க்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு வாரம் விதியைக் கொஞ்சம் மாற்றினோம். "கண்டியில நடந்தது மட்டும்" என்றோம். அந்த வாரம்தான் விளையாட்டு எங்களை வேறெங்கோ கூட்டிக்கொண்டு போனது.

முதல் பெயர் ஸ்டீவ் வோ. காரணம்: "மூக்குக்காக." 1999 செப்டெம்பர், அஸ்கிரிய மைதானம். மஹேல ஜயவர்தன உயர அடித்த பந்தைப் பிடிக்க வோவும் ஜேசன் கிலெஸ்பியும் எதிரெதிரே ஓடிவந்து மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு மூக்கு உடைந்தது, மற்றவருக்குக் கால். இலங்கை அவுஸ்திரேலியாவை முதன்முதலாக டெஸ்டில் தோற்கடித்தது அந்த ஆட்டத்தில்தான்.

இரண்டாவது சனத் ஜயசூரிய. 2007 டிசெம்பரில், இங்கிலாந்துக்கு எதிராக, ஜேம்ஸ் அண்டர்சனின் ஒரே ஓவரில் ஆறு நான்கு. அந்த ஆட்டத்தோடு டெஸ்டுக்கு விடைகொடுத்தார். அஸ்கிரியவும் அதோடு டெஸ்டுக்கு விடைகொடுத்தது. 2010இலிருந்து டெஸ்ட் எல்லாம் பல்லேகலைக்குப் போய்விட்டது.

மூன்றாவது தெரிவில்தான் சிரிப்பு. ரசல் ஆர்னோல்ட், "பிடிக்காத கேட்சுக்காக." 2002 ஜனவரியில் சிம்பாப்வேயுடன் ஆட்டம். முதல் நாளிலேயே முரளிதரன் ஒன்பது விக்கெட் எடுத்துவிட்டார். அடுத்த நாள் காலை பத்தாவதும் கைக்கே வந்தது. ஆர்னோல்ட் நழுவவிட்டார். கடைசி விக்கெட்டை வாஸ் எடுக்க, முரளியின் கணக்கு 51 ஓட்டத்துக்கு 9 என்று நின்றது. அந்தக் கேட்ச் மட்டும் நின்றிருந்தால் ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளேக்கு அடுத்து மூன்றாவது ஆளாக நம்ம கண்டிப் பொடியன் நின்றிருப்பார்.

நான்காவது குமார் சங்கக்கார. அஸ்கிரிய ட்ரினிட்டி கல்லூரியின் மைதானம். பிரேசர் அதிபராக இருந்த காலத்தில் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி உண்டாக்கியது. அங்கே படித்த பிள்ளை, 134 டெஸ்டில் 12,400 ஓட்டம். (விதியை மீறிச் சராசரி சொல்லவந்த அண்ணனை உட்கார வைத்துவிட்டோம்.) ஆனால் கொப்பியில் எழுதப்பட்ட காரணம் துடுப்பாட்டம் இல்லை. 2011இல் லண்டன் லோர்ட்ஸில் அவர் ஆற்றிய உரை. 1983 ஜூலையில் அவருக்கு ஐந்து வயது. கண்டியில் அவருடைய அப்பா தமிழ் நண்பர்களின் குடும்பங்களை வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். வீடு நிறையப் பிள்ளைகள், நாள் முழுக்க விளையாட்டு. சின்னக் குமாருக்கு அது சந்தோஷமான காலமாகவே தெரிந்ததாம். கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அஸ்கிரியவின் முதல் டெஸ்ட் அதே 1983 ஏப்ரலில்தான் நடந்தது. சரியாக மூன்று மாதம் முன்னே. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய பிறகு கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஐந்தாவது யார் என்று கேட்கவே வேண்டாம். முத்தையா முரளிதரன். அதே அஸ்கிரியவில் 2007 டிசெம்பர் 3ஆம் திகதி போல் கொலிங்வூட்டை போல்ட் ஆக்கி 709ஆவது விக்கெட். ஷேன் வோர்னின் 708 அன்றோடு பின்னால் போனது. 2010 ஜூலையில் காலியில் 800. ஆங்கிலத்தில் அவர் பெயரை எப்படி எழுதுவது என்பதே பல வருடக் குழப்பம். தமிழ்ல எழுதினா அந்தக் கரைச்சலே இல்ல!

அப்போதுதான் அந்தத் தங்கச்சி கேட்டாள்: "கண்டி வாரம்னு சொன்னீங்க. நம்ம தோட்டத்து ஆளுங்கள்ல இவர் ஒருத்தர் பேர்தானா வரும்? வேற யாரும் பந்து போடலயா?"

எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் தேடிக்கொண்டு வந்தோம்.

முரளியின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். எங்களில் பலருடைய பூட்டன்மார் வந்த அதே பாதை. அவர் பிறகு திருச்சிக்குத் திரும்பிப் போனார். மகன்கள் இங்கேயே தங்கினார்கள். அப்பா முத்தையா கண்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அது எரிக்கப்பட்டது. திரும்பவும் கட்டினார்கள். ஒன்பது வயதில் மகன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தார். வேகமாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தவரை, பதினான்கு வயதில், சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பாடசாலைப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு சொல் இல்லையென்றால் 800 இல்லை.

இப்போது தோட்டத்துப் பக்கம் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. முரளி பிறந்த 1972இல், கண்டியில் கடவுச்சீட்டுக்காக வரிசையில் நின்ற குடும்பங்களும், தலைமன்னாருக்குப் போகும் "ஒப்பாரிக் கோச்சி"யில் ஏறிய குடும்பங்களும் இருந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். எல்லோருக்குமான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது 2003இல். அப்போது முரளி 400 விக்கெட்டைத் தாண்டியிருந்தார்.

யாரும் பந்து போடாமல் இல்லை, தங்கச்சி. போட்டார்கள். பெரட்டுக் களத்தில், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், டெனிஸ் போலில். நாங்களும் அப்படித்தான் விளையாடினோம். பந்து தேயிலைக்குள்ள விழுந்தா அவுட், ஏன்னா இன்னொரு பந்து வாங்கக் காசு இல்ல. கடினப்பந்து, காலுறை, புல்தரை ஆடுகளம், பயிற்சியாளர், பயிற்சி முடிந்து வீடு போக பஸ் – இந்த ஐந்தும் ஒரே பிள்ளைக்குக் கிடைத்தால்தான் திறமை என்ற சொல்லுக்கே அர்த்தம் வரும். முரளிக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகும், 1995இல் மெல்பேர்னில், டரல் ஹெயார் ஏழு தடவை நோ-போல் கொடுத்தபோது, பிறவியிலேயே நிமிராத தன் முழங்கையை உலகத்துக்குக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது.

அவரைப் பற்றி எங்களுக்குள் ஒரே கருத்து கிடையாது, அதையும் மறைக்க வேண்டாம். அவருடைய வாழ்க்கைப் படத்திலிருந்து 2020இல் விஜய் சேதுபதி எதிர்ப்புக்குப் பிறகு விலகியபோது இந்தக் கடையிலும் சண்டைதான். "ஆட்டத்துக்கு எடுக்கலாம், அரசியலுக்கு எடுக்க முடியாது" என்று ஒருவர் கொப்பியில் எழுதினார். "ஒத்த ஆள் தலையில ஒரு சனத்தையே தூக்கி வைக்கிறது நியாயமா?" என்று அதற்குக் கீழே இன்னொருவர். இரண்டு வரியும் அழியாமல் இருக்கின்றன. பட்டியலில் பத்துப் பெயர் இருந்திருந்தால் ஒருவரிடம் இவ்வளவு கேட்டிருக்கமாட்டோமோ என்று இப்போது தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து விஜயகாந்த் வியாஸ்காந்த் வந்தபோது அந்த வாரம் எல்லோரும் ஒரே பெயரைத்தான் எழுதினோம். மலையகத்திலிருந்து அடுத்த பெயருக்கு இன்னும் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

கொப்பிக்கு இப்போது மூன்றாவது விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு இடம், ஸ்கோர்போர்டில் ஏறாதவர்களுக்கு. போன வாரம் வந்தவர் ஒரு பெரியப்பா. பொங்கல் மென்பந்துப் போட்டியில் ஒரே ஓவரில் ஐந்து பேரை எடுத்தவர் என்று தோட்டமே சொல்லுது. ஆறாவது பந்து என்னாச்சு என்று கேட்டோம்.

"தேயிலைக்குள்ள போயிருச்சு" என்றார்.