தோற்ற ஆட்டங்களைப் படித்த சாம்பியன்

ஒரு செஸ் வீரரின் பலத்தை எப்படி அளப்பது? ஆர்பாட் எலோ வகுத்த புள்ளி முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. இன்று இணையத்தில் ஆடுபவர்களுக்கும் இதுபோன்ற புள்ளிகள் உண்டு. ஆனால் ஒருவர் எங்கே தவறுகிறார் என்பதைப் புள்ளி சொல்லாது. அதைக் கண்டறிய வழிகாட்டியவர் சோவியத் வீரர் மிகயீல் போட்வின்னிக்.

1948-ல் உலக சாம்பியனான இவர் ஒரு மின்பொறியாளர். தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அந்தக் குறிப்புகளை அச்சிலும் வெளியிட வேண்டும் என்பது இவர் கொள்கை. அச்சில் வந்தால் ஆய்விலுள்ள தவறை மற்றவர்கள் சுட்டிக்காட்டுவார்கள் அல்லவா?

1960-ல் இந்தக் கொள்கைக்குச் சோதனை வந்தது. மாஸ்கோவில் 23 வயது மிகயீல் டால், 12½–8½ என்ற கணக்கில் பட்டத்தைப் பறித்தார். போட்வின்னிக்குக்கு அப்போது வயது 48. இனி அவர் எழுவது கடினம் என்றே தோன்றியது.

அவரோ தோற்ற ஆட்டங்களைக் கையில் எடுத்தார். காய்கள் தாராளமாக நகரும் திறந்த நிலைகளில் டால் பயங்கரமானவர். ராணிகள் வெட்டுப்பட்ட அமைதியான நிலைகளில் அந்த வேகம் குறையும். 1961 மறுபோட்டியில் ஆட்டத்தை அந்தப் பக்கமே திருப்பினார். டாலின் உடல்நலம் அப்போது சரியில்லை என்பதும் உண்மைதான். முடிவு 13–8. பட்டம் திரும்பி வந்தது.

பின்னாளில் இவரிடம் பயின்ற கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவருமே உலக சாம்பியன் ஆனார்கள்.

இன்று தவறான நகர்த்தலைக் கணினி நொடியில் காட்டிவிடும். ஏன் அப்படி ஆடினோம் என்பதை மட்டும் ஆடியவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.